காற்றில்லாமல் இறங்கிய எண்

அனகாபுத்தூர் வெள்ளத்தில் புத்தகமெல்லாம் போன வருஷமே பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதல் இடம். டைபாய்டு காய்ச்சலோடு எழுதிய கேட் தேர்வில் எம்.இ. சீட். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா இந்த மோட்டார், ஸ்பேனர் எல்லாம்?" என்று கேட்ட பேராசிரியர் ஞானையாவிடமே பிஹெச்டி. தேவானந்தத்தின் இளைய மகள் ஆஷா இவ்வளவையும் ஜெயித்தாள்.

தாம்பரம் பக்கத்துக் கல்லூரியில் அவள் ஆராய்ச்சி, காற்று உரசும் சுவரைப் பற்றியது. வேகமாக ஓடும் காற்று சுவரை ஒட்டிச் சின்னச் சின்னச் சுழல்களாகக் கலங்கி, அதைப் பிடித்து இழுக்கும். சுவரையே பக்கவாட்டில் விடாமல் ஆட்டினால் சுழல்கள் கலைந்து இழுவை குறையும். காற்றை வேகமாகச் செலுத்திச் சோதிக்கும் காற்றுக் கூண்டின் தரையில் ஓர் அலுமினியத் தகட்டைப் பொருத்தி, மோட்டாரால் ஆட்டினாள். விமானப்படை விமானம் தலைக்கு மேல் போனால் ஜன்னல் அதிரும். அது ஓய்ந்த பிறகுதான் அளவெடுப்பாள்.

ஆட்டத்தை வேகமாக்க வேகமாக்க இழுவை குறைந்தது. கட்டுரையை வெளிநாட்டு இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது.

"மேடம், ட்ரீட் பிரியாணியா, இல்ல டீயோட ஏமாத்திடுவீங்களா?" என்றான் உடன் ஆராய்ச்சி செய்யும் முகிலன்.

அவள் சிரிக்கவில்லை. எண்கள் ஒரு தடவைகூடத் தடுமாறாமல் இறங்கியது அவளுக்குப் பிடிக்கவில்லை. காற்றை நிறுத்தினாள். தகடு மட்டும் ஆடியது. அசையாமல் நிற்க வேண்டிய எண் திரையில் மெல்ல இறங்கியது.

"கரண்ட் பிரச்சினையா இருக்கும்." முகிலன் குரலில் இப்போது கேலி இல்லை.

மறுபடி ஓட்டினாள். காற்றே இல்லாத கூண்டில் இழுவை குறைந்துகொண்டே போனது. மெதுவான ஆட்டத்தில் மட்டும் இப்படிச் சோதித்துவிட்டு, வேகத்திலும் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டிருந்தார்கள். வேகத்தில் அதிர்வு அளவுக்கருவியையே தள்ளி, பொய் எண்ணைக் காட்ட வைத்திருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் ஞானையா எழுந்து அறைக்கதவைச் சாத்தினார்.

"முகிலன் பேச மாட்டான். அவன் தீசிஸ் என் கையில இருக்கு. உன்னோடதும்தான்."

ஆஷா வெளியே வந்து, கூடுவாஞ்சேரியில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஜெனியைப் போனில் கூப்பிட்டாள்.

"கட்டுரையை வாபஸ் வாங்கினா மூணு வருஷமும் போச்சுக்கா. சார் என்னை வெளிய அனுப்பிடுவார்."

"வாங்கலைன்னா?"

"இதை நம்பி எவனாவது இதுக்கு மேல அவன் ஆராய்ச்சியைக் கட்டுவான்."

மறுமுனையில் மெஷின் சத்தம் நின்றது. "அப்போ எழுதுடி. அப்பா இனிஷியலை விட்டுடாதே."

அந்த ஆய்வகத்திலிருந்து போன கடிதங்கள் எல்லாவற்றிலும் அதுவரை ஞானையாவின் கையெழுத்துதான். கட்டுரையை வாபஸ் வாங்கும் இந்தக் கடிதத்தில் அவர் பெயரே இல்லை. வராந்தாவில் அவருடைய ஷூ சத்தம் நெருங்கி வந்து, கதவுக்கு வெளியே நின்றது. ஆஷா பேனாவைத் திறந்தாள். தன் பெயரை மட்டும் நம்பி அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள், 2025 பிப்ரவரி 11.