‘பட்டது’ ஒழித்த ஏஞ்சலின்

திண்டுக்கல் மண் எத்தனையோ பெரியவர்களைப் பெற்றிருக்கலாம். ஆனால் நாகல் நகர் ஆட்டோ நிறுத்தத்தில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனரை, பள்ளிச் சீருடையோடு நாற்காலி போட்டு ஏறித் திருத்தியவர் ஒருவர்தான். பேனரில் ‘காதனி விழா’ என்று இருந்தது. ஏஞ்சலின் மார்க்கர் பேனாவால் ‘னி’யை ‘ணி’ ஆக்கினாள். கூடுதல் சுழி, விழா நாயகியின் கன்னம்வரை போய் நின்றது.

“ஏலே, யாரு வீட்டுப் புள்ள இது? எறங்கு கீழ!” என்று விழா வீட்டு மாமா ஓடி வந்தார்.

“மாமா, ரெண்டு சுழி போட்டா அது நகையே இல்ல” என்றாள் அவள், இறங்காமல்.

அம்மா புஷ்பமேரி பள்ளி ஆசிரியை. அன்றிலிருந்து வீட்டில் மார்க்கர் பேனாக்கள் பீரோவுக்குள் பூட்டிவைக்கப்பட்டன. அக்கம்பக்கத்தார் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தால், முதலில் ஏஞ்சலின் வீட்டில் இருக்கிறாளா என்று விசாரித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்கள்.

இப்பேர்ப்பட்டவள் முதுகலைத் தமிழ் படிக்க ஊருக்கு வெளியே இருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போனதும், அங்கிருந்த எழுத்துதவி மையத்தில் மாணவப் பயிற்றுநராகச் சேர்ந்ததும் இயற்கையின் ஏற்பாடு. மையம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. இந்தப் பக்கம் பயிற்றுநர், அந்தப் பக்கம் கட்டுரையோடு வந்த அப்பாவி. அவ்வளவுதான் நிறுவனம்.

ஆனால் சட்டம் கடுமையானது. பொறுப்பாளர் ஃபர்ஹீன் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: “ஏஞ்சலின், பேனா எப்பவும் வந்த பிள்ளை கையிலதான் இருக்கணும். திருத்துறது உன் வேலை இல்ல. கேள்வி கேக்குறதுதான் உன் வேலை.”

பரோட்டா மாஸ்டரைக் கூப்பிட்டு, கல்லுக்கு முன்னால் நில், மாவை மட்டும் தொடாதே என்று சொன்னால் எப்படி இருக்கும்? வேறு யாராவதாக இருந்தால் அன்றைக்கே ராஜினாமா செய்திருப்பார்கள். ஏஞ்சலின் வலது கையை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். வருகிறவர்கள் “கையில அடியாக்கா?” என்று கேட்டார்கள். “ஆமா, பழைய அடி” என்பாள்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நிறுவனத்துக்குப் பொருளியல் துறைத் தலைவர் அந்தோணிராஜ் வடிவில் சோதனை வந்தது. அவர் ஃபர்ஹீன் மேடத்திடம் சொன்னார்: “உங்க மையத்துக்குப் போற பயலுக நல்லா எழுதிட்டு வாரானுக. வைவாவுல கேட்டா முழிக்கிறானுக. அங்க யாரோ எழுதித் தாராக. என் டிபார்ட்மென்ட் பையன் ரோஹித்தோட அறிக்கை ரெண்டு தடவை திரும்பியாச்சு. அவன அனுப்புறேன். அவன் எழுதுனதுக்கு அவனே பதில் சொல்லணும். முழிச்சான்னா, அந்த மேசைய எடுத்துட்டு இன்னொரு ஜெராக்ஸ் மெஷின் போட்ரலாம்.”

மேடம் இதைச் சொன்னபோது ஏஞ்சலின் கலங்கவில்லை. “பதில் சொல்லுவான் மேடம்.”

“நீ அவன இன்னும் பாக்கவே இல்லையேம்மா?”

“அதுனால என்ன மேடம்?”

ரோஹித் வந்தான். ஒட்டன்சத்திரத்துப் பையன், காய்கறிச் சந்தை பற்றித்தான் கள ஆய்வு. அறிக்கையின் முதல் வாக்கியம் இது: ‘சந்தைக்குத் தக்காளி கொண்டுவரப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, ஏலம் விடப்பட்டு, லாரியில் ஏற்றப்பட்டு, கேரளாவுக்கு அனுப்பப்படுவது காணப்பட்டது.’

ஏஞ்சலின் கடைசிப் பக்கம்வரை தேடினாள். மனித நடமாட்டமே இல்லை. தக்காளி தானாக வந்து, தானாக ஏலம் போய், தானாக லாரி ஏறிக்கொண்டிருந்தது. முடிவுரையில்தான் முதல்முதலாக ஓர் ஆள் தென்பட்டான்: ‘மேற்கண்ட முடிவுகளை ஏற்றுக்கொள்ளுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்.’

“என்னய்யா இது, ஆய்வறிக்கையா, காய்ச்சலுக்கு லீவு லெட்டரா?”

“ஒரு மரியாதைக்குத்தானுங்கக்கா.”

அந்த நேரம் அவன் போன் அடித்தது. ஊரிலிருந்து அத்தை. ரோஹித் எழுந்து நின்று, நூலகம் என்பதை மறந்து பேசினான்:

“அத்தை, மேல நல்ல காயா அடுக்கி, அடியில சொத்தைய வெக்காதீங்க. அந்தச் சேட்டன் பெட்டியக் கவுத்துப் பாக்குற ஆளுங்க. போன வாரம் நம்ம மானம் போனது போதாதுங்களா? பிரிக்கிறதுக்கு நீங்களே உக்காருங்க, மாமன உட்ராதீங்க. அவருக்குக் கண்ணு தெரியலீங்க, கண்ணாடி போடச் சொன்னா தக்காளி மேல பழியப் போடுறாருங்க!”

ஏஞ்சலினுக்குத் தொடைக்கு அடியில் கை துடித்தது. “ஏய்யா, இப்பச் சொன்னியே, அத எழுதுறதுக்கு என்ன கேடு?”

“அது பேச்சுங்கக்கா” என்றான் ரோஹித், குழந்தைக்கு விளக்குவதுபோல. “எழுத்துன்னா ‘பட்டது’ வரோணுமுங்க. ஒம்பதாவதுல இருந்து அதுக்குத்தானுங்க மார்க்கு.”

அன்று ஏஞ்சலின் ஒரு போர்முறையைக் கண்டுபிடித்தாள். ஒரே ஆயுதம், ஒரே சொல்.

“தரம் பிரிக்கப்பட்டது. யாரு பிரிச்சா?”

“எங்கத்தைங்க.”

“எழுது.”

“அத்தைன்னுங்களா? ஆராய்ச்சியிலயா?”

“அவுகளுக்குப் பேரு இல்லையா?”

“சோலையம்மாளுங்க.”

“லாரியில் ஏற்றப்பட்டது. யாரு ஏத்துனா?”

“லோடுமேனுங்க. பெரியகருப்பண்ணனுங்க.”

“விலை குறைக்கப்பட்டது. யாரு கொறச்சா?”

இங்கே ரோஹித் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். ஜெராக்ஸ் மெஷின் மட்டும்தான் இருந்தது. “கமிஷன் கடைக்காரருங்க” என்றான் மெதுவாக. “அதையும் எழுதோணுமுங்களா? அவரு மாமனுக்குப் பங்காளிங்க.”

“ஓஹோ! ‘பட்டது’க்குப் பின்னாடி மரியாதை இருக்குன்னு நெனச்சேன். பங்காளி ஒளிஞ்சிருக்காரா?”

ரோஹித்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பேரு வேண்டாமுங்க. ‘ஒரு கமிஷன் கடைக்காரர் குறைத்தார்’னு போட்டுக்கறனுங்க.”

“போடு. ஆளு வந்தாச் சரி.”

வாரம் முழுக்க இப்படியே நடந்தது. கடைசியில் ஒரே ஒரு வாக்கியத்தில் ரோஹித் மாட்டிக்கொண்டான். வாங்குகிறவர் ஏன் பெட்டியைக் கவிழ்க்கிறார் என்று சொல்லவேண்டிய இடம். பேனாவைக் கடித்தான், கூரையைப் பார்த்தான். ஏஞ்சலின் நாக்கு நுனிக்கு ஒரு வாக்கியம் வந்து நின்றது. லட்சணமான வாக்கியம், எதுகைகூட இருந்தது. அவள் சட்டென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். வேண்டிய தண்ணீரைவிட நிறையவே குடித்தாள். திரும்பி வந்தபோது அவன் எழுதியிருந்தான்: ‘விற்பவர் மேலே அடுக்குவதை வாங்குபவர் நம்புவதில்லை. அதனால் கவிழ்க்கிறார்.’

அவளுடைய வாக்கியம் இதைவிட அழகு. அது என்னவென்று இன்றுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நாட்டுக்காக எதை எதையோ துறந்தவர்களுக்கெல்லாம் சிலை இருக்கிறது.

வைவா அன்று ஃபர்ஹீன் மேடத்தோடு ஏஞ்சலினும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள், கையின்மேல்தான். அந்தோணிராஜ் சார் அறிக்கையைப் புரட்டினார்.

“இந்த ‘கவிழ்க்கிறார்’ யாரு எழுதுனது?”

“நானுங்க சார்.”

“அந்த ஆளு கவுக்குறத நீ பாத்தியாக்கும்?”

“பாத்தனுங்க சார். கவுத்தது எங்க பெட்டியத்தானுங்க.”

அறை சிரித்தது. சார் சிரிக்கவில்லை. ஏலம் பற்றிக் கேட்டார், லாரி பற்றிக் கேட்டார், அழுகல் பற்றிக் கேட்டார். ரோஹித் ஒவ்வொன்றுக்கும் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினான். கேள்விகள் தீர்ந்தன. சார் கண்ணாடியைக் கழற்றி, பதவிக்குரிய குரலில் சொன்னார்:

“அறிக்கை ஏற்கப்பட்டது. எழுத்துதவி மையம் பத்தி சில குறைகள் சொல்லப்பட்டன. அவை பரிசீலிக்கப்படும்.”

“யாருங்க சொன்னது?”

கேட்டது ரோஹித். அவன் மனதில் துளி விஷமம் இல்லை என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். ஒரு வாரப் பழக்கம். ‘பட்டன’ காதில் விழுந்ததும் வாய் தானாகக் கேட்டுவிட்டது. கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்து, முகம் அவர்கள் சந்தைத் தக்காளி நிறத்துக்கு வந்தது.

சார் ஃபர்ஹீன் மேடத்தைப் பார்த்தார். மேடம் சன்னலைப் பார்த்தார்.

“நாந்தேன்” என்றார் சார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “நாந்தேன் சொன்னேன். இப்ப நானே வாபஸ் வாங்கிக்கிறேன். போங்கப்பா, போயி டீ குடிங்க.”

மறுநாள் காலை நூலகக் கீழ்த்தளத்தின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: ‘எழுத்துதவி மையம் வழக்கம்போல் நடைபெரும். – அந்தோணிராஜ்.’

ஏஞ்சலின் அதன் முன் நின்றாள். பார்வை தன்னையறியாமல் பக்கத்திலிருந்த நாற்காலிக்குப் போய் வந்தது. சட்டைப்பையில் பேனா இருந்தது. அந்த நேரம் பார்த்து, சார் படியிறங்கி வந்தார்.

“என்னம்மா, திருப்திதான?”

ஏஞ்சலின் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“ரொம்ப நன்றி சார். ஒரே ஒரு கேள்வி. ‘நடைபெறும்’ல வாரது எந்த ‘ரு’ சார்?”

அவர் அறிவிப்பைப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். பிறகு கையை நீட்டினார்.

“பேனா இருக்கா?”

இடது கையால் எடுத்துக் கொடுத்தாள்.