புண்ணாக்கில் ஒளிர்ந்த நீலம்

மேசைமேல் அவர் கொட்டிய ஆறு கோழிகளில் இரண்டு இன்னும் சூடாக இருந்தன. எண்பதுகளின் தொடக்கம் அது. உயிர்வேதியியல் படித்துவிட்டுச் சேலத்திலிருந்து வந்த நான், நாமக்கல்லில் கோழி நோய்களுக்கான சிறிய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அவர் பரமத்தி வேலூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர். சில நாட்களில் பாதிப் பண்ணை செத்துவிட்டது. காரணம் கேட்க அவர் வரவில்லை. சாட்சி தேடி வந்திருந்தார்.

"என்ற பங்காளி தண்ணித் தொட்டீல பூச்சி மருந்தக் கலக்கிப்போட்டானுங்க. வரப்புத் தகராறு. ஆமான்னு ஒரு காயிதம் குடுங்க, போதும். பசங்க ரெண்டு பேரும் அருவாளோட வாய்க்கா மேட்டுல நிக்கறானுங்க. நான் வார வரைக்கும் கை வெக்காதீங்கன்னு சொல்லிப்போட்டு வந்திருக்கறேன்."

அதிகாரி வெளியூர் போயிருந்தார். பண்ணைக்காரர் கொண்டுவந்த தண்ணீரைச் சோதித்தேன், மருந்து இல்லை. சொன்னதும் முகம் இறுகியது. "அவன் உங்களையும் பாத்துப் பேசீட்டானுங்களா?" என்றார்.

அறுத்துப் பார்த்தபோது எல்லாக் கோழிக்கும் ஈரல் வீங்கி, வெளிறி, மஞ்சளாகக் கிடந்தது. கடலைப் புண்ணாக்கில் பிடிக்கும் ஒரு பூஞ்சணத்தின் நஞ்சு, ஈரலுக்குள் போய் உருமாறி, உயிரணுவின் மரபுப்பொருளிலேயே ஒட்டிக்கொள்கிறது என்று சில ஆண்டுகளுக்கு முன்புதான் கண்டுபிடித்திருந்தார்கள். எனக்கு அது தேர்வுக்காகப் படித்த பாடம். அன்று அதை நம்பித்தான் ஒரு மனிதரைப் பொழுது சாயும்வரை காத்திருக்கவைத்தேன்.

செத்த கோழியோடு தீவனமும் கொண்டுவரும் வழக்கப்படி அவர் கொண்டுவந்திருந்த தீவனத்திலிருந்து புண்ணாக்கைப் பொறுக்கிச் சாறெடுத்து, கண்ணாடித் தகட்டில் பொட்டு வைத்தேன். பக்கத்திலேயே ஒப்பிட, சுத்தமான நஞ்சு ஒரு பொட்டு. தகட்டின் அடியைக் கரைப்பானில் நிறுத்தினால், ஒரே பொருளான பொட்டுகள் ஒரே உயரத்துக்கு ஏறும். இந்தச் சோதனையை நான் தனியாகச் செய்வது அதுவே முதல்முறை. அவர் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தபடி இருந்தார். கறுப்புத் துணி கட்டிய அறைக்குள் அவரையும் அழைத்துப் போய்ப் புறஊதா விளக்கைப் போட்டேன். இரண்டு பொட்டுகளும் ஒரே உயரத்தில், ஒரே நீலத்தில் ஒளிர்ந்தன.

அவர் குனிந்து இரண்டு பொட்டுகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "அவன் பண்ணலீன்னு என்ற வாயில வராதுங்க. நீங்களே வந்து சொல்லிப்போடுங்க அம்மணி" என்றார்.

அவர் வந்திருந்த வாடகைக் காரில் போனோம். மகன்கள் மேட்டிலேயே நின்றிருந்தார்கள். எதிர்க்கரையில் பங்காளி தடியோடு. பண்ணைக்காரர் தன் மகன்களிடமிருந்து அரிவாள்களைப் பிடுங்கிக் காருக்குள் எறிந்தார். நான்தான் கத்திச் சொன்னேன். தண்ணீரில் ஒன்றுமில்லை, நஞ்சு புண்ணாக்கில் இருக்கிறது என்று.

பங்காளியின் முகம் மாறியது. "அம்மணி, தகராறுக்கு முந்தி ரெண்டு ஊடும் ஒரே லாரீல எறக்குன புண்ணாக்குங்க அது. என்ற கோழிக்கு இன்னிக்குத்தான் மூட்டையப் பிரிச்சு வெச்சிருக்கறேன்."

பண்ணைக்காரர் வேட்டி நனைய வாய்க்காலில் இறங்கி, பங்காளியைத் தாண்டி அவருடைய கோழிக் கொட்டகைக்குள் ஓடித் தீவனத் தட்டுகளைக் கவிழ்க்கத் தொடங்கினார். தடியைப் போட்டுவிட்டுப் பங்காளியும் உள்ளே போனார்.

இன்று அந்தச் சோதனையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறார்கள். வரப்பு வழக்கு அதன்பிறகும் நடந்தது. இருவரும் பேசிக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் நான் மாற்றலாகிப் போகும்வரை, புது லோடு வந்தபோதெல்லாம் இரண்டு பண்ணைத் தீவனத்தையும் சோதிக்கக் கொண்டுவந்தது, அன்று என் மேசைமேல் கோழிகளைக் கொட்டியவர்தான்.