ஈரச்சாக்கை அவிழ்த்த நாள்

இரண்டு வருடத்துக்கு முந்திய கோடை. வாலிநோக்கம் உப்பளத்திலிருந்து முதுகுளத்தூருக்கு உப்பு ஏற்றிப் போகும் எங்கள் பிக்கப் வண்டியில் ஒருநாள் நானும் ஏறி உட்கார்ந்தேன். வேடிக்கை பார்க்கப் போகவில்லை. கோபத்தில் போனேன்.

கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் சவுதியில்தான் இருந்தார். எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். ஒருவழியாக ஊர் திரும்பி, பழைய பிக்கப் ஒன்றை வாங்கி ஓட்டத் தொடங்கினார். அவரைப் பார்த்தாலே அழுத சின்ன மகள், அவர் தோளில் தூங்கப் பழகியதே அப்போதுதான். ஆனால் வண்டி படுத்தியது. காலியாக ஓடினால் சமர்த்தாக இருக்கும்; ராமநாதபுரத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலும் ஒரு கோளாறும் காட்டாது. லோடு ஏற்றினால் பாதி வழியில் சூடேறி, ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றுவிடும். அவரும் குடம் குடமாகத் தண்ணீர் காட்டினார். வண்டியோ எங்களுக்கே தண்ணி காட்டியது.

நான் வண்டியில் ஏறியதற்கு முந்தின நாள், சாப்பிடும்போது, "வண்டிய வித்துட்டு திரும்பப் போயிரலாம்னு பாக்குறேன் புள்ள. விசாவுக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்றார். ஒரு வண்டி சூடாவதற்காக என் பிள்ளைகள் மறுபடியும் வாப்பாவைப் போனில் பார்க்க வேண்டுமா? ரேடியேட்டர் பற்றிய வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஓரளவு விளங்கியது. என்ஜின் சூட்டைத் தண்ணீர் சுமந்துகொண்டு முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு வரும். அங்கே மெல்லிய தகடுகளுக்கு நடுவே புகும் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். தண்ணீர் வெறும் சுமைதூக்கிதான், வேலையை முடிப்பது காற்று. மழையே அபூர்வமான எங்கள் சீமையில் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? எங்களுக்கு எல்லாவற்றுக்கும் மருந்து தண்ணீர்தான்.

உப்பளத்தில் லோடு ஏறியதும் அவர் ஒரு காரியம் செய்தார். பழைய சணல் சாக்கு ஒன்றை அங்கிருந்த தொட்டியில் முக்கியெடுத்து, வண்டியின் முன்பக்கக் கிரில் மேல் விரித்துக் கட்டினார். குடிதண்ணீர்ப் பானைக்கு ஈரச்சாக்கு சுற்றுவோமே, அதே யோசனை. பக்கத்து வண்டிகளிலும் அப்படியே கட்டியிருந்தார்கள்.

"இது எதுக்கு மச்சான்?"

"குளுமைக்கு. லோடு ஏத்துனா எல்லாரும் கட்டுவோம்."

"மெக்கானிக்கு இதப் பாத்தாரா?"

"அங்கன போகயில எதுக்குச் சாக்கு? கழட்டிப் போட்டுட்டுல்ல போவேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மெக்கானிக் முன்னால் மட்டும் வண்டி நல்ல பிள்ளையாக நின்றதற்குக் காரணம் இதுதான். "மூஞ்சில ஈரத்துணியக் கட்டிக்கிட்டு மூட்டையத் தூக்கி ஓடிப் பாருங்க, மூச்சு விட ஏலுதான்னு" என்றேன். அவர் வண்டியை எடுத்தார். வழக்கமாக நிற்கும் இடம் வருவதற்கு முன்பே என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

ஓரமாக நிறுத்தி, என்ஜின் நன்றாக ஆறும்வரை கருவேல நிழலில் உட்கார்ந்திருந்தோம். பிறகு நானே போய்ச் சாக்கை அவிழ்த்தேன். ரேடியேட்டரை விரலால் தொட்டதும் தகடுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. சாக்கிலும் உப்பு, அதை நனைத்த தொட்டியிலும் உப்புத் தண்ணீர். காற்றை மறித்ததோடு நில்லாமல் தகட்டையும் அரித்துத் தின்றிருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த ரப்பர் வெடித்திருந்தது. கேஸ்கட் போன குக்கரில் பிரஷர் நிற்குமா? அதனால்தான் தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியேறியிருக்கிறது. இதற்கு மட்டும் எனக்கு எந்த வீடியோவும் தேவைப்படவில்லை.

உதிர்ந்த தகட்டை உள்ளங்கையில் வைத்து அவர் புரட்டிப் பார்த்தார். "இப்ப என்ன செய்யணுங்கிற?" என்றார். வண்டி விஷயமாக அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

ராமநாதபுரத்துப் பட்டறையில், நான் சொன்னதை அவர் அப்படியே ஒப்பித்தார். இன்னும் தடிமனான ரேடியேட்டர், புது மூடி, விசிறியின் காற்று சிதறாமல் இழுக்க ஒரு கூண்டு, கிணற்றுத் தண்ணீருக்குப் பதில் கூலன்ட். மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார்.

"யாருண்ணே இதெல்லாம் சொன்னது?"

"வீட்ல."

"வீட்லயா?" என்று வண்டிக்குள் இருந்த என்னை எட்டிப் பார்த்தார். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மறுபடி அதே வெயில், அதே லோடு. "ஏலே, சாக்கு கட்டலயா? நடுவழியில நிக்கப் போற" என்று உப்பளத்தில் ஒருவர் கிண்டலடித்தார். வழியில் முள் பாதிவரை ஏறியது. அங்கேயே நின்றது. முதுகுளத்தூர் கடைவாசலில் வண்டியை அணைத்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர். அன்று சாயங்காலமே விசாக்காரருக்குப் போன் போட்டு, "நான் வரல பாய். இங்கனயே எனக்கு வேல இருக்கு" என்று சொன்னதை, அடுப்படியில் நின்று காது குளிரக் கேட்டேன்.

இப்போது உப்பளத்தில் யாராவது வண்டி சூடாகிறது என்று வந்தால், "இரு, வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்கிறாராம். எப்போது வண்டியில் ஏறினாலும் என் கண் முதலில் அந்த முள்ளுக்குத்தான் போகும். அது நடுவில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், என் பிள்ளைகளின் வாப்பாவை ஊரில் நிறுத்தியது நான்தான் என்று நினைத்துக்கொள்வேன். கர்வம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.