ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர்

குமரவேலின் காரை கிரேன் வண்டி இழுத்து வந்து என் கடை முன்னால் இறக்கியபோது, பானட் இடுக்கெல்லாம் வெள்ளையாகக் கறை படிந்திருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது.

அருள்புரத்தில் பழைய இன்ஜின் கடை வைத்திருந்தேன். அடிபட்ட டர்போ கார்களை ஏலத்தில் எடுத்துப் பிரித்து, இன்ஜின், கியர்பாக்ஸ், டர்போ எனத் தனித்தனியாக விற்பேன். சின்ன காரில் பெரிய இன்ஜினை மாற்றி ஓட்டும் பைத்தியம் இங்கே பனியன் கம்பெனிக்காரர்கள் பலருக்கு உண்டு. அதில் பெரிய பைத்தியம் சாயப்பட்டறை முதலாளி குமரவேல். கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு அவர்தான் அட்மின். அவர் வாயால் நல்ல கடை என்று சொன்னால் எனக்கு வியாபாரம்.

அவருக்குக் கொடுத்தது டூ லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். கம்ப்ரெஷன் செக் செய்து, அவர் கண்ணெதிரே ஓடவிட்டுக் காட்டித்தான் அனுப்பினேன்.

"கூலண்ட் தவிர வேற எதையும் ஊத்தீராதீங்க. அலுமினிய ஹெட்டுங்க, தாங்காது" என்றேன். தலையாட்டினார்.

இப்போது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றினால், தண்ணீர் ஓடும் துவாரமெல்லாம் உப்புக் கட்டி அடைத்திருந்தது. அலுமினியம் சொத்தைப் பல் போல அரித்திருந்தது. கேஸ்கட் போய்விட்டது.

குமரவேலோடு வந்திருந்த அவருடைய டிரைவர் மறைக்கவில்லை. "நான்தானுங்க ஊத்துனேன். நம்ம பட்டறை போர் தண்ணிங்க. லாரிக்கெல்லாம் அதைத்தானுங்க ஊத்தறது."

குமரவேல் அவரை முறைத்தார். என்னை மறுநாள் பட்டறைக்கு வரச் சொன்னார்.

ஆபீஸ் ரூமில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "அண்ணா, இன்ஜினே மட்டம்னு சொல்லிருங்க. வேற இன்ஜின் நான் காசு குடுத்தே வாங்கிக்கறேன். போர் தண்ணியால போச்சுன்னு வெளிய தெரிஞ்சா பக்கத்துக் காட்டு வெவசாயிங்க அதையே புடிச்சுக்குவாங்க. நம்ம சாயத் தண்ணியால கெணறு கெட்டுப்போச்சுன்னு ஏற்கெனவே மனு குடுத்திருக்கறாங்க."

"என் கடைப் பேரு என்னங்க ஆவறது?"

"நாலு நாள்ல எல்லாரும் மறந்துருவாங்கண்ணா. நம்ம போர் தண்ணி நல்ல தண்ணிதானுங்க."

மேசையில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தார்கள். மூலையில் வாங்கி அடுக்கிய தண்ணீர் கேன்கள்.

"அப்படீன்னா எனக்கு அந்தத் தண்ணியவே கொண்டாரச் சொல்லுங்க, குடிச்சுப் பார்க்கறேன்" என்றேன்.

அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே குரூப்பில் போட்டுவிட்டார்: 'அருள்புரம் கடையில் இன்ஜின் வாங்கி ஏமாந்துவிட்டேன். உஷார்.' அரித்துப்போன ஹெட்டின் போட்டோவை நான் போட்டேன். கொஞ்ச நேரத்தில் என்னைக் குரூப்பை விட்டே நீக்கிவிட்டார். டிரைவரையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். கூலண்டை உங்கள் கையாலேயே ஊற்றி, மூடிக்கு சீல் வைத்து அனுப்புங்கள். அதன் பிறகு நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் வாங்கத்தான் ஆள் வரவில்லை.

கடையைக் காலி செய்த அன்று, பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்தும் பழைய கஸ்டமர் ஒருவர் வந்தார். சாமான்களை லாரியில் ஏற்ற ஒரு கை கொடுத்தார்.

"உங்க மேல தப்பில்லீங்கண்ணா. குரூப்புல எல்லாருக்குமே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சவங்க ஒருத்தராச்சும் அதைச் சொல்லியிருக்கலாமுங்களே?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "எப்படீங்கண்ணா சொல்றது? எங்க துணியெல்லாம் அவருகிட்டத்தானுங்க சாயத்துக்குப் போகுது."