விழாத மனுஷன்

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். குடிக்க மாட்டார். ஞானஸ்நான விருந்துகளில்கூட கலர் பாட்டிலோடு ஒதுங்கி நிற்பார்.

போன வருடம் மழைக்காலத்தில் அவருக்குத் தலைவலி தொடங்கியது. எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும். படுத்தால் சற்று நேரத்தில் அடங்கிவிடும். மாத்திரையில் ஓட்டினோம். ஒருநாள் காலை சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அவர் விரல்கள் தடுமாறின. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையைச் சுற்றி இரு பக்கமும் பழைய ரத்தம் தேங்கியிருந்தது.

"எங்க விழுந்தாரு?" என்று கேட்டார் டாக்டர்.

"விழவே இல்ல சார்."

"குடிப்பாரா?"

"கிடையாது."

எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உண்மையச் சொன்னாத்தாம்மா வைத்தியம் பாக்க முடியும்."

கீழவைப்பாரிலிருந்து வந்த என் கணவருடைய அக்கா என்னை வராண்டா ஓரத்துக்கு இழுத்துப் போனாள். "ஏளா, எங்கிட்ட மறைக்காத. குடிச்சிட்டு விழுந்தானா? இல்ல, சண்டையில நீ எதையும் தூக்கி எறிஞ்சியா?"

மண்டையில் துளை போட்டு ரத்தத்தை வடித்தார்கள். வீட்டுக்கு வந்து சில வாரங்களிலேயே வலி திரும்பியது, ரத்தமும் திரும்பியது. அதே டாக்டர், அதே கேள்வி.

"படுத்தா வலி இல்லன்னு சொல்லுதாரு சார்" என்றேன்.

"படுத்தா யாருக்கும் நல்லாத்தானம்மா இருக்கும்" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பொறுக்க முடியாமல் மதுரைக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர்தான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

"படுத்தா வலி போயிடுதா? இத யாரும் கேக்கலையா?"

"யாரும் கேக்கலம்மா. நாந்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

முதுகை ஸ்கேன் எடுத்தார். தண்டுவடத்தை மூடியிருக்கும் உறையில் சின்னக் கிழிசல். அதன் வழியாக உள்ளே இருக்கும் நீர் கசிந்து, தாங்கல் குறைந்து, மூளை சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது. அந்த இழுப்பில்தான் மேலே ரத்தம் கசிந்து தேங்கியதாம். பலமாகத் தும்மினாலும் கிழியலாம், காரணமே இல்லாமலும் கிழியலாம் என்றார். என் கணவரின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, முதுகில் ஊசியால் செலுத்தி அந்தக் கிழிசலை அடைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அவர் நிமிர்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். "வலிக்கல" என்றார். எனக்குச் சந்தோஷத்தை முந்திக்கொண்டு ஆத்திரம்தான் வந்தது. நான் சொன்னதை முதலிலேயே ஒருத்தர் காதில் வாங்கியிருந்தால் மண்டையில் அந்தத் துளையே வேண்டியிருந்திருக்காதோ?

இப்போது வேலைக்குப் போகிறார். கனமான எதையும் தூக்கக் கூடாது. போன வாரம் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறினார். தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"ஒரு கேனுதான? எதுக்கு இந்தக் கத்து கத்துத?" என்று பாதிப் படியிலேயே இறக்கி வைத்தார்.

மீதிப் படிகளுக்குக் கேனை நான் தூக்கிக்கொண்டு ஏறினேன்.