குடத்தின் கழுத்தில் ஒரு சாவி

“…வயசு போனா ஒழுகத்தான் செய்யும் எண்டு ஆர் சொன்னது? சொன்ன ஆளை என்னட்டக் கூட்டி வா” என்றார் மிஸ்ஸி. யுத்தம் முடிந்தபின் எங்கள் கடலோர ஊரான உடப்புக்கு வந்த மருத்துவிச்சியை அப்படித்தான் கூப்பிடுவோம். நெடிய உடம்பு, கையில் கறுப்புக் குடை. கோபம் வந்தால் குடையால் மணலைக் குத்துவார். அன்று நான் மீன் காயவைக்கும் கருவாட்டு வாடியில் என்னைச் சுற்றி எங்கும் குழிகள்.

தும்மினாலும் கூடை தூக்கினாலும் எனக்குச் சிறுநீர் கசியும். அதற்குப் பயந்து வேலை முடியும்வரை தண்ணீர் குடிப்பதில்லை என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

“குடிக்காட்டி மூத்திரம் கடுத்து இன்னும் முட்டும், புள்ள. மூத்திரத்த அடக்கிற மாதிரி உள்ளுக்க இறுக்கிப் பிடி. அஞ்சு எண்ணிட்டு விடு. பத்துத் தரம், நாளைக்கு மூண்டு வேளை. மூண்டு மாசம் விடாமச் செய். கத்தி வைக்கத் தேவையில்ல.”

“கருவாடு பிரட்டிக்கொண்டே செய்யலாமா?”

“ஓம். முதலாளியப் பாத்துச் சிரிச்சுக்கொண்டும் செய்யலாம், ஆருக்குத் தெரியும்?”

“தண்ணி குடிச்சா எங்க போறது, மிஸ்ஸி? இங்க கக்கூஸ் பூட்டித்தானே கிடக்கு. சாவி முதலாளிட்ட.”

குடை மணலில் அப்படியே நின்றது. அதுவரை அவர் கோபம் என்மேல் என்றுதான் நினைத்திருந்தேன். முதலாளி உட்கார்ந்திருந்த கதிரைக்கு நேரே நடந்தார். என்ன சொன்னாரோ, இன்றுவரை தெரியாது; முதலாளி எழுந்து நின்றதைத்தான் கண்டோம். திரும்பி வந்தவர், வலை நூலால் அந்தச் சாவியை எங்கள் தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் கட்டினார். பிறகு ஒரு கோப்பை மொண்டு என் கையில் தந்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்றார்.