பாஞ்சாலை வீட்டு விருந்தாளிகள்

தசரதனுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. சும்மா சொல்லக்கூடாது, செங்கம் ரோட்டில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்களே அவனைக் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லுவார்கள். திருவண்ணாமலையில் ஒரு டுட்டோரியலில் வாத்தியார் வேலை. அந்த இங்கிலீஷ் ஒன்றும் ஆகாயத்திலிருந்து விழுந்துவிடவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, அக்கா பாஞ்சாலை அடுத்தவர் கொல்லையில் களை எடுத்து, மல்லாட்டைச் செடி பிடுங்கி, அந்தக் கூலியில் அவனை பி.ஏ. படிக்க வைத்தாள். தனக்குக் கல்யாணம் ஆன பிறகும் அந்த வேலையை அவள் விடவில்லை.

எழுபத்தொன்பது தை மாதம் டென்மார்க்கிலிருந்து ஒரு காலேஜ் கும்பல் வந்து இறங்கியது. எட்டுப் பிள்ளைகள், ஒரு புரொபசர். நம் ஊர் ஏழ்மையை நேரில் பார்த்துப் படிக்க வந்தார்களாம். விமான டிக்கெட் எடுத்துக்கொண்டு, பாருங்கள்! ஊர்க்காரர்கள் பேசுவதை இங்கிலீஷில் சொல்வதற்குத் தசரதனைப் பிடித்துக்கொண்டார்கள். செம்பட்டை முடிப் பெண் ஒருத்தி முதல் நாளே அவன் குடும்பத்தைப் பற்றிக் கேட்டாள். இவன் வாய் சும்மா இருந்ததா? பத்து ஏக்கர் நஞ்சை, மாடி வீடு என்று அளந்துவிட்டான்.

இரண்டாம் வாரம் புரொபசர், ஒரு கூலிக்காரர் வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். முன்பின் தெரியாத ஒன்பது பேரை யார் உள்ளே விடுவார்கள்? தசரதனுக்குத் தெரிந்து ஒரே ஒரு வீடுதான் இருந்தது. வேங்கிக்கால் ஏரிக்கு அந்தப் பக்கம், அக்கா வீடு. சிநேகிதர்களோடு வருகிறேன் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பினான்.

பாஞ்சாலைக்குக் கால் தரையில் பாவவில்லை. முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியை அடித்துக் குழம்பு வைத்தாள். மணியக்காரர் வீட்டில் எவர்சில்வர் டம்ளரும் இரண்டு நாற்காலியும் இரவல் வாங்கினாள். கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். தம்பி மானம் ஆயிற்றே!

கும்பலை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு முன்னால் ஓடிவந்த தசரதனுக்கு இதையெல்லாம் பார்த்ததும் திக்கென்றது. ஏழை வீடு என்றல்லவா சொல்லிக் கூட்டி வந்திருக்கிறான்?

"இன்னாக்கா இது? நாற்காலிய உள்ள தூக்கி வை. இந்த டம்ளரும் வேணாம், நம்ம அலுமினியமே போதும்."

"வந்தவங்க உன்னக் கேவலமா நெனைப்பாங்கடா."

"அதெல்லாம் நெனைக்கமாட்டாங்க. பொடவையும் மாத்திக்கோக்கா. கொல்லைக்குக் கட்டிக்கினு போவியே, அது."

படித்த தம்பி சொன்னால் காரணம் இருக்கும். ஏன் என்று கேட்காமல் கிழிசலைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அடப்பாவி, அப்போதாவது அவனுக்கு மனசு கூசியிருக்க வேண்டாமா?

எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். இந்த அம்மா யார் என்று செம்பட்டை முடிப் பெண் கேட்டாள். "இந்த ஊரில் ஒரு கூலிக்காரி" என்றான் தசரதன் இங்கிலீஷில்.

"இன்னா தம்பி கேக்குது அந்தப் பொண்ணு?"

"நீ யாருன்னு கேக்குது. என் அக்கான்னு சொன்னேன்."

பாஞ்சாலைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் பெண்ணின் இலையில் இன்னும் இரண்டு துண்டு கறி வைத்தாள். பையன் ஒருவன் வீட்டில் எத்தனை பானை இருக்கிறதென்று நோட்டில் எழுதிக்கொண்டான்.

புறப்படும்போது அந்தப் பெண் கண் கலங்கி, ஒரு நூறு ரூபாய் நோட்டைப் பாஞ்சாலை கையில் வைத்து அழுத்தினாள். பாஞ்சாலை நோட்டைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் செருப்பு மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டான். அவள் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆண்டை வீட்டு வாசலில் கும்பிடுகிற மாதிரி கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு தசரதன் அக்கா வீட்டுக்குப் போவதைக் கம்மி பண்ணிக்கொண்டான். கேட்டால் வேலை ஜாஸ்தி என்பான். தீபாவளிக்குப் புடவை மட்டும் தவறாமல் ஆள் மூலம் அனுப்பினான். வகுப்பில் பாடம் நடத்தும்போது சிஸ்டர் என்ற வார்த்தை வந்தால்கூட நெஞ்சில் சுருக்கென்று குத்தும். செய்தது துரோகம் என்று அவனுக்குத் தெரியும். போய்ச் சொல்லத்தான் தைரியம் இல்லை.

எண்பத்தைந்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. யார் சொல்லித் தெரிந்துகொண்டாளோ, பாஞ்சாலை கீழாநெல்லியை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நாலு நாள் கஞ்சி ஊற்றி, வேட்டி துவைத்து, தலையைக் கோதிவிட்டாள். ஐந்தாம் நாள் காலை தசரதனால் தாங்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதான்.

"தெரியும்டா" என்றாள் பாஞ்சாலை.

"எப்பிடிக்கா?"

"அக்கான்னு சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு என் கையில ரூபாய வெச்சிருக்குமா?"

"தெரிஞ்சுமா வாங்கிக்கின?"

"வேணாம்னு சொல்லியிருந்தா ஏன்னு உன்னத்தானே கேட்டிருப்பாங்க. அத்தினி பேரு முன்னால நீ இன்னாடா சொல்லியிருப்ப?"